பாடப்புத்தகத்தைக் கடைசியில் வாங்குங்கள்

ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறப்போகிற பிள்ளைகள் வீட்டில் இப்போது பெட்டி கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. குக்கரும் பருப்புப்பொடியும் போக மிச்சமிருக்கும் இடத்தில் புத்தகத்தை வைத்தால், "அதெல்லாம் அங்கேயே கிடைக்காதா?" என்று கேட்பார்கள். கிடைக்கும், ஆனால் விலை மலைக்க வைக்கும். நான் எம்.எஸ். சேர்ந்த பல்கலைக்கழகத்தின் புத்தகக் கடையில் ஒரு பொறியியல் நூல் 200 டாலருக்கு மேல். அதன் இந்தியப் பதிப்பை சென்னையில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கியிருந்தேன்.

இந்தியப் பதிப்பின் அட்டையில் இன்னின்ன நாடுகளில் மட்டுமே விற்பனைக்கு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். சொந்தப் படிப்புக்கு ஒரு பிரதி கொண்டுவர அமெரிக்கச் சட்டத்தில் தடையில்லை. படித்து முடித்த பிறகு விற்கவும் தடையில்லை. அந்த உரிமை உறுதியானதற்குக் காரணம் சுபாப் கிர்ட்சாங் என்ற தாய்லாந்து மாணவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க 1997இல் வந்தவர். ஊரிலிருந்து குறைந்த விலைப் பதிப்புகளை வரவழைத்து இங்கே அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குப் போட, கீழ் நீதிமன்றத்தில் 6 லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறையாக அச்சான பிரதி எந்த நாட்டில் அச்சானாலும், வாங்கியவர் அதை விற்கலாம். நம்மைப் போல் வெளியிலிருந்து படிக்க வந்த ஒருவர் பல வருஷம் போராடிப் பெற்றது இது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. (திருட்டு அச்சுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது.)

ஆனால் எந்த வகுப்பு கிடைக்கும் என்று தெரியாமல் பெட்டியை நிரப்பாதீர்கள். அடிப்படை நூல்கள் ஒன்றிரண்டு போதும். மற்றதற்கு நூலகம் இருக்கிறது.

இங்கே வந்ததும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 'ரிசர்வ்' அலமாரி. பேராசிரியர் கேட்டுக்கொண்டால் பாடநூலின் ஒரு பிரதியை நூலக கவுன்டருக்குப் பின்னால் தனியாக வைத்திருப்பார்கள். அடையாள அட்டையை நீட்டினால் இரண்டு மணி நேரம் போலக் கையில் கொடுப்பார்கள். நூலகத்துக்குள்ளேயே படித்துத் திருப்ப வேண்டும். பக்கத்திலேயே ஸ்கேனர் இருக்கும், பெரும்பாலும் காசு கிடையாது. பழைய பதிப்பையோ இந்தியப் பதிப்பையோ வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. பாடம் ஏறக்குறைய அதேதான். மாறுவது பயிற்சிக் கணக்குகளின் வரிசையும் எண்களும். வீட்டுப்பாடத்துக்கான கணக்குப் பக்கத்தை மட்டும் அங்கே ஸ்கேன் செய்துகொண்டு, பாடத்தை நம் புத்தகத்தில் படிக்கலாம். பெரும்பாலானவர்கள் போவது வேலைநாள் மாலைகளில்தான். காலையில் போனால் காத்திருக்க வேண்டாம்.

ரிசர்வில் இல்லாததைச் சில நூலகங்களில் வேறு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தருவித்துக் கொடுப்பார்கள். ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் நூல்கள் பலவற்றை நூலகச் சந்தா வழியே அத்தியாயம் அத்தியாயமாக இறக்கிக்கொள்ளலாம். இளநிலை மாணவர்களுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இணையதளம் இருக்கிறது: இயற்பியல், கால்குலஸ், பொருளாதாரம் எல்லாம் முழு நூலாக இலவசம்.

சிக்கல் வருவது 'அக்சஸ் கோட்' என்ற நுழைவு எண்ணில். சில வகுப்புகளில் வீட்டுப்பாடமே பதிப்பகத்தின் இணையதளத்தில்தான். அதற்கான கோட் எண்ணை ஒருவர்தான் பயன்படுத்த முடியும், பழைய புத்தகத்தோடு வாங்கினால் செல்லாது. முதல் வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம், "கோட் கட்டாயமா, மதிப்பெண் அதில் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். இங்கே யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. கட்டாயம் என்றால் கோட் மட்டும் தனியாக வாங்குங்கள், புத்தகத்தோடு சேர்த்து வேண்டாம். இன்னொன்று, பல கல்லூரிகள் மின்நூல் கட்டணத்தை ஃபீஸ் பில்லிலேயே சேர்த்துவிடுகின்றன. வேண்டாமென்று விலக ஒரு கடைசித் தேதி இருக்கும். பில்லை வரி வரியாகப் படித்து அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வாங்கியே ஆகவேண்டும் என்றால், முதலில் சீனியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். டிசம்பரில் தேர்வு முடிந்த கையோடு அதே குழுவில் விற்றும் விடுங்கள். ஜனவரி வகுப்புக்கு ஜூனியர்கள் தேடுவது அப்போதுதான். புதிய பதிப்பு வந்துவிட்டால் பாதி விலைகூடக் கிடைக்காது.