ராய் ஸ்ட்ராங் சொல்வதை நம்பலாமா? ஸ்காட்லாந்து நாவல்களில் ஆய்வேடு முடித்த அனுபவம்

சமகால ஸ்காட்லாந்துப் புனைகதையில் காலனியமும் ஆணதிகாரமும் என்று தலைப்பு வைத்து ஆய்வேடு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். இர்வின் வெல்ஷின் ‘டிரெய்ன்ஸ்பாட்டிங்’ (1993) நாவலில் கதாநாயகன் ரெண்டன் கொட்டித் தீர்க்கும் வசவு அது. ஆங்கிலேயரைத் திட்டி என்ன பயன், போயும் போயும் இவர்களிடம் அடிமைப்பட்டோமே என்பது அதன் சாரம். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். ஆனால் அந்த வரியை அதற்கு முன்னால் உள்ள பக்கங்களோடு சேர்த்துப் படித்தோம். வாதமே அங்கிருந்துதான் கிடைத்தது.

1996இல் வந்த படத்தில் இந்தப் பேச்சு மலைநாட்டில், கோரூர் ரயில் நிலையத்தருகே வெட்டவெளியில் நடக்கிறது. படத்தை மனதில் வைத்து எழுதினால் நிலம் இழந்தவனின் புலம்பல்போலத் தோன்றும். நாவலில் இடம் மதுக்கடை. மாடியில் இருக்கும் அவன் நண்பன் பெக்பி காலிக் குவளையைக் கீழே கூட்டத்துக்குள் வீசுகிறான், யாருக்கோ மண்டை உடைகிறது. உடனே அவனே கீழே இறங்கி ‘எவன் வீசினான்?’ என்று கேட்டு அடிதடியைக் கிளப்புகிறான். வீசியது யார் என்று தெரிந்த நண்பர்கள் வாய் திறப்பதில்லை. ரெண்டனின் வசவு இதையொட்டித்தான் வருகிறது. பக்கத்தில் நிற்கும் பெக்பியைத் தட்டிக் கேட்க முடியாத வெட்கத்தைத் தேசத்தின் தலையில் கட்டிவிடுகிறான். இந்தக் கைமாற்றத்தை மற்ற நாவல்களிலும் தேடுவது என்று முடிவு செய்தோம்.

நூல் தேர்வில் பேராசை கூடாது, மூன்று நாவல் போதும். கிளாஸ்கோ நாவலாசிரியர் ஜேம்ஸ் கெல்மன் 1994இல் புக்கர் பரிசு ஏற்றுப் பேசும்போது தன் பண்பாட்டுக்கும் மொழிக்கும் இருக்கும் உரிமையைத்தான் முன்வைத்தார். அதை முன்னுரையில் வைத்துக்கொள்ளலாம். ஜாக்கி கேயின் ‘டிரம்பெட்’ (1998) தனி ஆய்வேட்டுக்கு உரியது, ஓர் இயலுக்குள் அடைத்தால் வீணாகும்.

முதல் இயல் வெல்ஷின் ‘மாரபூ ஸ்டார்க் நைட்மேர்ஸ்’ (1995). அதிகம் உழைக்க வேண்டியது இங்கேதான். கதைசொல்லி ராய் ஸ்ட்ராங் மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறான். கதை மூன்று தளங்களில் ஓடுகிறது. மேல்தளத்தில் செவிலியர், பெற்றோர் குரல்கள். நடுவில் எடின்பரோ நகராட்சிக் குடியிருப்பில் கழிந்த வாழ்க்கை. ஆழத்தில் ஆப்பிரிக்காவில் மாரபூ நாரையை வேட்டையாடும் கனவு. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அச்செழுத்தே படிக்கட்டுபோல ஏறி இறங்கும். மின்னூலில் இந்த அமைப்பு குலைந்துபோகலாம் என்பதால் அச்சுப் பிரதியையே வாங்குங்கள். மூன்று தளங்களுக்கும் மூன்று நிறப் பென்சில் வைத்துக்கொண்டு முழு நாவலையும் ஒருமுறை கோடிட்டால், கனவுத்தளத்தில் மொழி மாறுவது கண்ணில் அறையும். குடியிருப்பில் வளர்ந்தவன் அங்கே மேட்டுக்குடிப் பள்ளி ஆங்கிலம் பேசுகிறான், பேரரசுக் காலத்துச் சாகசக் கதைகளின் துரையாகிவிடுகிறான்.

அடுத்து ராயின் தென்னாப்பிரிக்க நாட்கள். எடின்பரோ குடியிருப்பும் ஜோகன்னஸ்பர்க்கும் ஒன்றே, இங்கே அடக்கப்படுபவர்கள் வெள்ளையர் என்பதுதான் வித்தியாசம் என்று ஓரிடத்தில் சொல்கிறான். மேற்கோளுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். இதை நாவலின் முடிவாக எடுத்துக்கொண்டால் ஆய்வேடு அங்கேயே சறுக்கும். சொல்பவன் யார்? இனஒதுக்கல் ஆட்சியில் வெள்ளைச் சிறுவனாக வசதியை ருசித்து, ஊர் திரும்பியதும் அதை இழந்தவன். அதே நாட்டில் உறவினர் ஒருவரின் பாலியல் வன்முறைக்கு ஆளானவன். காயம் நிஜம், ஒப்பீடு மட்டும் அவன் வசதிக்கு ஏற்றது. அந்த வரியில் இனவெறிச் சொல் ஒன்றும் இருக்கிறது. பொருளைச் சொன்னால் போதும்.

இதைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது, கிர்ஸ்டி என்ற பெண் மீது ராயின் கூட்டம் நடத்தும் கூட்டு வல்லுறவு. ராய் முதலில் தான் வேண்டாவெறுப்பாக உடனிருந்ததாகச் சொல்கிறான். பிற்பகுதியில் உண்மை வேறு என்று தெரிகிறது. இரண்டு விவரிப்புகளின் பக்க எண்களையும் எதிரெதிரே எழுதி, வினைச்சொற்களின் எழுவாய் யார் என்று பாருங்கள். ‘அவர்கள்’ எங்கே ‘நான்’ ஆகிறது என்பதுதான் இயலின் மையம். வன்முறையைத் திரும்ப விவரிக்க வேண்டியதில்லை. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக எடின்பரோவில் 1992இல் தொடங்கிய ‘ஜீரோ டாலரன்ஸ்’ இயக்கத்தின் சுவரொட்டிகள் நாவலுக்குள் வருகின்றன. வரலாற்றுச் சூழலுக்கு அது நல்ல பிடி.

வெல்ஷ் எழுதும் ஸ்காட்ஸ் பேச்சுமொழிக்குப் பயப்பட வேண்டாம், வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும். மீதிக்கு ஸ்காட்ஸ் மொழி அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிளாஸ்கோ வழக்கும் எடின்பரோ வழக்கும் வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மேற்கோளில் எழுத்துக்கூட்டலைத் ‘திருத்துவது’ பெருங்குற்றம். கணினியின் தானியங்கித் திருத்தத்தை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது அலஸ்டர் கிரேயின் ‘புவர் திங்ஸ்’ (1992). 2023இல் வந்த படம் கதையை லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. நாவலின் ஊர் கிளாஸ்கோ, அது இல்லாமல் நம் தலைப்புக்கு இங்கே வேலையே இல்லை. அலெக்சாந்திரியாவில் பிச்சைக்காரர்களுக்குப் பயணிகள் காசு வீசுவதைப் பார்த்து நாயகி பெல்லா உடைந்துபோகிறாள். அவள் எழுதியது அந்த இடத்தில் கிறுக்கல் கையெழுத்தாகவே சில பக்கங்களுக்கு அச்சாகியிருக்கிறது. அதுவும் மேற்கோள்தான், படி எடுத்து ஒட்டுங்கள். கணவர் மெக்கேண்ட்லஸ் சொன்ன கதை முழுவதையும் மறுக்கும் விக்டோரியாவின் (பெல்லா என்று அவர் எழுதியது இவளைத்தான்) கடிதம் கடைசியில் வருகிறது. இரண்டாம் வாசிப்பில் அந்தக் கடிதத்தை முதலில் படித்துவிட்டுக் கணவரின் கதைக்குள் போனால், ஓர் ஆண் ஒரு பெண்ணை எப்படி ‘எழுதி’ உடைமையாக்குகிறான் என்பது வரிக்கு வரி தெரியும்.

மூன்றாவது ஜேம்ஸ் ராபர்ட்சனின் ‘ஜோசஃப் நைட்’ (2003). அரசுக்கு எதிரான ஜேக்கபைட் கிளர்ச்சிப் படை கலோடன் போரில் தோற்ற பிறகு 1746இல் தூக்கிலிடப்பட்டவரின் மகன் ஜான் வெடர்பர்ன், ஜமைக்காவுக்கு ஓடித் தோட்ட முதலாளியாகி, ஒரு அடிமையோடு ஊர் திரும்புகிறார். அந்த அடிமை வழக்குத் தொடுத்து 1778இல் எடின்பரோ நீதிமன்றத்தில் வெல்கிறார். தோற்கடிக்கப்பட்டவன் எஜமானன் ஆவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நமக்கும் இதில் ஒரு நூலிழை உண்டு. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஸ்காட்லாந்துத் தளபதி ஹெக்டர் மன்றோ, அந்த ஊர்க் கோட்டை வாயிலின் சாயலில் ஸ்காட்லாந்தின் ஃபைரிஷ் குன்றில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். இன்றும் நிற்கிறது.

கோட்பாட்டுக்கு இரண்டே நூல். மைக்கேல் ஹெக்டரின் ‘இன்டெர்னல் கலோனியலிசம்’ (உள்நாட்டுக் காலனியம், 1975) இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்காட்லாந்து வெறும் காலனியாகச் சுருங்கி, ஜமைக்காவும் கிர்ஸ்டியும் காணாமல் போவார்கள். கானலின் ‘மாஸ்குலினிடீஸ்’ (1995) தரும் ஆண்மை வகைமைகளைக் கொஞ்சம் விரிவாகவே பயன்படுத்தலாம். அதிகாரமற்றவன் உடம்பால் அதிகாரம் தேடுவது பெக்பி, கூட நின்று பலன் பெறுவது ரெண்டன்.

வாய்மொழித் தேர்வில் நிச்சயம் வரும் கேள்வி, ‘மாரபூ’ நாவலின் முடிவில் கிர்ஸ்டி ராயைப் பழிவாங்குவது. ஆண் வன்முறையையே அவளும் கையில் எடுப்பதால் நாவல் தன் வாதத்தைத் தோற்கடித்துக்கொள்கிறதா? எங்கள் பதில்: அந்த முடிவையும் நமக்குச் சொல்வது ராயின் குரல்தான். அதற்கு முன் அவன் கிர்ஸ்டியைப் பற்றிச் சொன்ன பொய்யைப் பக்க எண்ணோடு எடுத்து வைத்தால், தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.