எலுமிச்சையும் எட்டாம் வகுப்பும்

ஜூன் 23, திங்கள்

செங்கோட்டையில் காலையிலிருந்து சாரல். வகுப்பில் சராசரி. கூட்டி வகுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. "சராசரி 45-ன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். ஒருத்தன் மட்டும் எழுந்து, "எல்லாமே கிட்டத்தட்ட 45-ன்னு அர்த்தம் டீச்சர்" என்றான். அதை அப்படியே விட மனசில்லை.

எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று அளக்கிற திட்ட விலக்கம் பாடப்புத்தகத்தில் பத்தாம் வகுப்பில்தான். அங்கே சூத்திரமாக வந்து, மார்க்குக்கு மனப்பாடமாகிவிடும். அதில் விலகல்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று இதுவரை ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. படிக்கிற காலத்தில் நானும் யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

புளியங்குடி எலுமிச்சை மூன்று கிலோ வாங்கி வந்தேன். மதினி கேக் செய்ய வைத்திருக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஸ்கெட்ச் பேனாவால் காய் மேலேயே எடை எழுதினேன். நினைத்த எண் கிடைக்கும்வரை பொறுக்கியதில் மணி பதினொன்று. "ஊறுகாய்க்கா?" என்றாள் மதினி. கணக்குக்கு என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

மேசையில் இரண்டு குவியல், எட்டெட்டுக் காய். முதலாவது 43, 44, 45, 45, 45, 46, 46, 46 கிராம். இரண்டாவது 30, 36, 41, 45, 47, 50, 53, 58. இரண்டுக்கும் சராசரி 45 என்று வந்ததும் வகுப்பு என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. கேரளத்து ஆரியங்காவிலிருந்து பஸ்ஸில் வருகிற பையன் எலுமிச்சையை மலையாளத்தில் "நாரங்ங" என்று வாய்தவறிச் சொல்ல, ஒரே சிரிப்பு. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தச் செங்கோட்டையே திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது, சிரிக்கிறவன் வீட்டுப் பழைய பத்திரத்தை எடுத்துப் பார் என்றேன்.

மூன்றாவது பெஞ்சுக்காரியின் அம்மா எலுமிச்சைக் கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கிறவர். அவள் வந்து இரண்டு குவியலையும் கையால் ஒரு தடவு தடவினாள். "இது ஒரே தரம். அது கலப்பு. கலப்புன்னா வெல கொறைச்சுத்தான் கேப்பாங்க டீச்சர்."

கலப்பு எவ்வளவு என்று கேட்டேன். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கலாம் என்றார்கள். முதலாவதுக்கு 3, இரண்டாவதுக்கு 28. இதற்குப் பெயர் வீச்சு என்று எழுதிப்போட்டுவிட்டு, பையிலிருந்து மூன்றாவது குவியலை எடுத்தேன்: 30, 45, 45, 45, 45, 45, 47, 58. சராசரி அதே 45. வீச்சும் 28. "இது அந்த அளவுக்குக் கலப்பு இல்லையே" என்றாள் அவள். மணி அடித்துவிட்டது.

ஜூன் 26, வியாழன்

ஒவ்வொரு காயும் 45-லிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்று எழுதி, கூட்டச் சொன்னேன். முன்பெஞ்சுப் பையன் பூச்சியம் வந்ததும் அழித்தான். மறுபடி போட்டான், மறுபடி அழித்தான். தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. பக்கத்தில் இருக்கிறவனுக்கும் பூச்சியம். இரண்டு பேருமே தப்பு என்று முடிவுகட்டி, மூன்றாம் தடவை சேர்ந்து போட்டார்கள். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எப்போதும் பூச்சியம்தான் வரும் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சாக்பீஸை உருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

கடைசியில் லோடு டிரைவர் மகன்தான் சொன்னான். "மைனஸை விட்டுருவோம் டீச்சர். எத்தன தூரம்னு மட்டும் எண்ணுவோம். புளியரையிலிருந்து மேக்க போனாலும் கெழக்க போனாலும் டீசல் டீசல்தான."

"மேக்க ஏத்தம்லா, கூடக் குடிக்கும்" என்றது பின்பெஞ்சு.

விலகலை மட்டும் எண்ணிச் சராசரி எடுத்தோம். முதல் குவியலுக்கு 0.75, இரண்டாவதுக்கு 7, மூன்றாவதுக்கு 3.75. மூன்றாவது பெஞ்சுக்காரி தலையாட்டினாள். கை சொன்னதும் கணக்கும் ஒத்துப்போயிற்று.

ஜூன் 27, வெள்ளி

"வர்க்கம் போட்டாலும் மைனஸ் போயிரும்லா?" இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு பிள்ளை அந்த வாசல்வரை தானாக வந்து நிற்கிறது. போட்டோம். முதல் குவியலில் வர்க்கங்களின் சராசரி 1, வர்க்கமூலமும் 1. இரண்டாவதில் 73, மூலம் எட்டரைக்குச் சற்று மேல். தூரத்துக் காய்க்கு வர்க்கம் கூடுதல் எடை கொடுக்கிறது என்பதை 15-ஐயும் 2-ஐயும் வர்க்கப்படுத்திக் காட்டினேன். 225 எங்கே, 4 எங்கே. அந்த வர்க்கமூலத்துக்குத் திட்ட விலக்கம் என்ற பெயரைக் கடைசியில்தான் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று புள்ளியியல் தினம். 1893-இல் இதே தேதியில் பிறந்தவர் மகலனோபிஸ். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். அவர் பெயரில் வழங்கும் தொலைவு எனக்கு இப்போதுதான் சரியாக உறைக்கிறது. அது சிதறலையும் கணக்கில் எடுத்துத் தூரம் அளக்கிறது. 50 கிராம் காய் இரண்டாவது குவியலில் சாதாரணம். முதல் குவியலில் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். விலகல் என்னவோ இரண்டிலும் அதே 5 கிராம்தான்.

துணி இன்னும் காயவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பழமாகிவிடும் முன் ஜூஸ் போட்டுவிடலாம் என்று காய்களைத் திரும்பக் கேட்டேன். 24 கொடுத்ததில் 23தான் வந்தது. மூன்றாவது குவியலின் 58-ஐக் காணோம். யார் எடுத்தது என்று நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு குரல்:

"டீச்சர், வீச்சு 17 ஆயிட்டு."