செங்கோட்டையிலிருந்து ஹைகிரவுண்டு வரை: அம்மாவின் இதய சிகிச்சையும் காப்பீட்டு அட்டையும்

61 வயதான என் அம்மா நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார். சென்ற மார்கழியில் தண்ணீர்க் குடத்தோடு நான்கு படி ஏறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செங்கோட்டை அரசு மருத்துவமனையில் இசிஜி எடுத்துப் பார்த்த மருத்துவர், இதய நிபுணரிடம் காட்டி, இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் செய்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை தரும் நிபுணரிடம் போய்ச் சேர எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாததால்தான் அதில் பெரும்பகுதி வீணானது. வேறொரு குடும்பத்துக்கு அப்படி ஆகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

1956 வரை கேரளத்துப் பக்கம் இருந்த ஊர் எங்களுடையது. பெரிய வைத்தியம் என்றால் இன்றும் பலருக்குத் திருவனந்தபுரம்தான் முதலில் நினைவுக்கு வரும். புனலூரில் இருக்கும் அத்தானின் பேச்சைக் கேட்டு நாங்களும் மலையைத் தாண்டிப் போனோம். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவைப் பரிவோடு பரிசோதித்தார்கள். ஆனால் தாங்கள் ஏற்பது கேரள அரசின் காருண்யா திட்டத்தை மட்டுமே என்றும், தமிழ்நாட்டு அட்டைக்குச் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். போகும் முன் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம்.

ஊர் திரும்பியபின்தான் அட்டையிலேயே சிக்கல் இருப்பது தெரிந்தது. அப்பா காலமானபின் அம்மாவின் பெயரை என் குடும்ப அட்டையில் சேர்த்திருந்தோமே தவிர, காப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டது என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனோம். 2019இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு என்றால் திருநெல்வேலி கொக்கிரகுளத்துக்கே போயிருக்க வேண்டும். தென்காசி மையத்தில் அம்மாவின் விரல் ரேகை பதியவில்லை. இலையை மடக்கி மடக்கிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஈரத்துணியால் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்ததில், கடைசியில் இடது கை மோதிர விரல் பதிந்தது. பீடித் தட்டோடு வாழ்ந்த கைக்கு அந்தக் கருவியின் முன் வந்த தவிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பிறகு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளின் பெயர்களை வாங்கினேன். முக்கியமான பாடம் இங்கேதான் கிடைத்தது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்த மருத்துவமனைக்கு இதய சிகிச்சைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். நான் முதலில் விசாரித்த இடம் எலும்பு முறிவுக்கு மட்டுமே அங்கீகாரம் பெற்றிருந்தது. இரண்டாவது இடத்துக்கு இதய நிபுணர் வாரம் இரண்டு நாள் வந்து புறநோயாளிகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் அங்கே இல்லை. மூன்றாவது இடத்தில் எல்லாம் இருந்தன, ஆனால் ஒப்புதல் வரும்வரை முன்பணம் கட்டச் சொன்னார்கள். ஒப்புதலான சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று உதவி எண்ணில் உறுதியாகச் சொன்னதால் அங்கிருந்து கிளம்பிவிட்டோம்.

கடைசியில் பாளையங்கோட்டையில், நாங்கள் ஹைகிரவுண்டு என்று சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் காரியம் நடந்தது. காலை ஏழு மணிக்கு ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்றோம். கூட்டம் அதிகம், காத்திருப்பும் அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதயப் பிரிவின் மருத்துவர் எங்கள் பழைய இசிஜிகளைத் தேதி வாரியாக மேசையில் பரப்பி, எங்கே மாறியிருக்கிறது என்று பேனா முனையால் அம்மாவுக்கே காட்டினார். ஆஞ்சியோவில் ஓர் அடைப்பு தெரிந்தது. மருத்துவரின் பரிந்துரையையும் படப் பதிவையும் காப்பீட்டுப் பிரிவினரே அனுப்பினார்கள். இரண்டாம் நாள் ஒப்புதல் வந்து, அடைத்த குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கும் தொகையில் அது கழிந்தது. முன்னால் வெளியில் பார்த்த ஆலோசனைக்கும் பரிசோதனைகளுக்கும் ஆன செலவு மட்டும் எங்கள் கையிலிருந்து போனது.

ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை, உடம்பு சரியாகிவிட்டது என்று எண்ணி நாமாக நிறுத்தவே கூடாது என்று வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று முறை சொன்னார்கள். அவற்றை இப்போது மாதாமாதம் செங்கோட்டை அரசு மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்கிறோம்; அடுத்த பரிசோதனைக்குச் சித்திரையில் ஹைகிரவுண்டுக்குப் போக வேண்டும்.