பழைய இன்பேஜ் கோப்பிலிருந்து உருதுவை மீட்பது

1994-இல் வந்த இன்பேஜ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்தான் பல வருடங்களுக்கு உருது அச்சுவேலையின் ஆதாரம். அதன் 2-ஆம் பதிப்பில் செய்த ஐஎன்பி (.inp) கோப்புகள் பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடாக்குவதில் எழுத்தை மாற்றுவது சுலபம். உயிரை வாங்குவது சொல் இடைவெளி.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உருது அச்சாகும் நஸ்தலீக் எழுத்துப் பாணியில் பக்கத்து எழுத்தைப் பொறுத்து ஒவ்வொரு எழுத்தின் உருவமும் உயரமும் மாறும். அதனால் 1981-இல் எழுத்தோவியர் மிர்ஸா அகமது ஜமீலும் மோனோடைப் நிறுவனமும் நூரி நஸ்தலீக் எழுத்துருவை உருவாக்கியபோது, சுமார் 20,000 கூட்டெழுத்துகளை முழு வடிவமாகவே வரைந்துவைத்தார்கள். இன்பேஜ் எடுத்துக்கொண்டது அதைத்தான். பழைய எழுத்துருக் கோப்பு ஒன்றில் 256 இடம்தான் என்பதால், அத்தனையும் பல கோப்புகளாகச் சிதறிக் கிடக்கிறது. பிடிஎஃப்பில் மிஞ்சுவது ‘இந்தக் கோப்பில் இத்தனையாவது உருவம்’ என்பது மட்டுமே. மூலக் கோப்பைத் தேடிப் பிடியுங்கள்.

அதற்குள் எழுத்து ஒழுங்காகவே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்: முதலில் 04, பிறகு எழுத்தின் எண். அலிஃப் 81, பே (b ஒலி) 82, அடுத்த பே (p ஒலி) 83. இந்த 04 கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறி. நடுவில் நோட்பேடிலோ வேர்டிலோ ஒட்டினால் தொலைந்துபோகலாம். இன்பேஜிலிருந்து நேரே யூனிகோட் மாற்றி மென்பொருளில் ஒட்டுங்கள். கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் கர்சர் இருக்கும் பெட்டியும் அதோடு கோத்த பெட்டிகளும்தான் தேர்வாகும். தலைப்பும் படவிளக்கமும் தனிப் பெட்டியில் இருந்தால் தனியாக எடுக்க வேண்டும்.

மாற்றியதும் ஒரு வருடத்தைப் பாருங்கள். 1947 என்பது 7491 என்று வந்திருந்தால், மாற்றியில் எண்களைத் திருப்பும் வசதியை மாற்றிப்போட்டு மறுபடி ஓட்டுங்கள். யே, காஃப் இரண்டும் உருதுக் குறியீட்டில் வந்தனவா, அரபியிலா என்றும் பாருங்கள்: சொல்லின் நடுவில் யே இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது.

இனி இடைவெளி. அலிஃப், தால், ரே, ஸே, வாவ் போன்றவை அடுத்த எழுத்தோடு ஒட்டாது. ‘அவுர் உஸ்’ என்பதில் முதல் சொல் ரே-யில் முடிவதால், ஸ்பேஸ் தட்டாவிட்டாலும் திரையில் பிரிந்தே தெரியும். தட்டச்சாளர் தட்டவில்லை, யூனிகோடில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். தலைகீழாகவும் நடக்கும்: ‘குஷ்நசீப்’ ஒரே சொல். ஆனால் ஷீன் அடுத்த நூனோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் நடுவே ஸ்பேஸ் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஸ்பேஸுக்குப் பதில் அகலமில்லாத இணைப்பு நீக்கி (ZWNJ: இடைவெளி விடாமல் எழுத்துகள் ஒட்டுவதை மட்டும் தடுக்கும் குறி) வர வேண்டும்.

ரே, தால் வரும் இடமெல்லாம் ஸ்பேஸ் போடு என்று ஒரே கட்டளையில் முடிக்கப் பார்க்காதீர்கள். ‘உருது’ என்ற சொல்லே அலிஃப், ரே, தால், வாவ். நான்கும் ஒட்டாதவை, நான்கு துண்டாகிவிடும். சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாத நீளச் சொற்களை மட்டும் கண்ணால் பார்ப்பதே வழி. பெயர்கள் எப்படியும் கைவேலைதான்.

ஒரு எச்சரிக்கை: ஐஎன்பி கோப்பு வழியாக நடந்த தாக்குதல்களைப் பற்றி கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கை 2016-இல் தகவல் வெளியிட்டது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பை இணையத் தொடர்பில்லாத விர்ச்சுவல் மெஷினில் திறங்கள்.