இரும்புச் சிரப்பும் மகளின் வயிறும்

மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் நர்சம்மா இரும்புச்சத்து சிரப்பைக் கையில் கொடுத்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மி.லி. அதில் 20 மி.கி. இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. புதன், சனி என்று நாங்களே நாள் குறித்துக்கொண்டோம். பால்வாடி சத்துமாவுக் கூழும் அப்போதுதான் ஆரம்பம்.

ஆய் கருப்பாகப் போனது. உடம்பில் சேராத இரும்பு அப்படித்தான் வெளியேறும், அதில் பயமில்லை. ஆனால் வாடையும் மாறியிருந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்தவரை லேசான புளிப்பு வாடைதான். இப்போது பெரியவர்களுடையது போல நாறியது. கூழுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவளுக்கு மனம் சும்மா இருக்குமா?

தாய்ப்பாலில் குழந்தைக்கே செரிக்காத சில சர்க்கரைகள் உண்டு. அவை பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல குடல் பாக்டீரியாவுக்கான தீனி. அது சுரக்கும் அமிலத்தில் கெட்ட கிருமிகள் தலையெடுக்க முடியாது. தாய்ப்பாலில் இரும்பு சொற்பம். அதிலும் ஒரு பகுதியை லாக்டோஃபெரின் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். சிரப்பில் வரும் இரும்போ பெரும்பாலும் பெருங்குடல்வரை போய்விடும். அங்கே இரும்பைத் தின்று பெருகும் ஈ.கோலை வகையறாக் குடல் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், அவற்றில் சில நோய் தருபவை.

கென்யாவின் கிராமப்புறக் குழந்தைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தைகளின் கூழில் நான்கு மாதம் தினமும் நுண்சத்துப் பொடி கலந்து கொடுத்தார்கள். இரும்பு சேர்ந்த பொடி சாப்பிட்டவர்களுக்கு ஈ.கோலை வகைகள் கூடின, குடல் அழற்சியும் தெரிந்தது என்று 2015இல் எழுதினார்கள். 2017இல் வந்த அடுத்த ஆய்வில் தினம் 5 மி.கி. இரும்போடு நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் ஒரு சர்க்கரையை 7.5 கிராம் சேர்த்தபோது அந்தக் கெடுதல் பெருமளவு தணிந்தது.

இதைச் சொன்னதும் என் கணவர், “அப்ப நிறுத்திடலாமே” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தில் தீரத் தொடங்கிவிடும். ரத்தசோகை மூளை வளர்ச்சியைப் பிடித்து இழுக்கும். சிரப்பும் தொடரட்டும், தாய்ப்பாலும் தொடரட்டும் என்று முடிவு செய்தேன்.

எட்டாம் மாதம் வயிற்றுப்போக்கு வந்தது. சரியாகும்வரை சிரப் வேண்டாம் என்றார் நர்சம்மா. ஓஆர்எஸ் கரைசல், தினம் 20 மி.கி. துத்தநாக மாத்திரை 14 நாள். பீய்ச்சிய தாய்ப்பாலில் கரைத்து ஸ்பூனில் கொடுத்தேன். போக்கு நின்ற பிறகும் மாத்திரையை முடிக்கவைப்பதுதான் பெரும்பாடு. அத்தை உரைமருந்துக் கல்லை எடுத்து வைத்திருந்தார். “இப்ப வேண்டாம் அத்தை, வயிறு அடங்கட்டும்” என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் விட்டுவிட்டார்.

மெடிக்கலில் சீட்டே கேட்காமல் ஆன்டிபயாடிக் சிரப்பும், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பொட்டலமும் நீட்டினார்கள். முதலாவது நல்லது கெட்டது பாராமல் குடல் பாக்டீரியாவைக் கொல்லும். இரண்டாவதற்கு ஒடிசா ஆய்வைச் சொல்வார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில், கிராமத்துப் பச்சிளங்குழந்தைகள் 4,500 பேருக்கு மேல் சேர்த்து, லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவில் குறிப்பிட்ட ஒரு வகையை அதன் தீனியோடு கொடுத்தபோது ரத்தத்தில் பரவும் தொற்றும் இறப்பும் குறைந்தது உண்மை. அதற்காகக் கடைப் பொட்டலம் எல்லாமும் அதுவாகிவிடாது. இரண்டையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

வயிறு சரியானதும் சிரப்பை மறுபடி தொடங்கினோம். ஊட்டி அரை மணி கழித்து, கன்னத்தின் உட்பக்கமாக விட்டால் அவ்வளவாகத் துப்புவதில்லை. பல் கறுக்காமல் இருக்க, பின்னாலேயே ஒரு ஸ்பூன் தண்ணீர்.