இரண்டு கதவு, நான்கு ஜன்னல், பதினான்கு மாதம்

விமானத்தின் உடற்பகுதியை ஏழு மாதத்தில் கட்டி முடித்தேன். அதில் திறக்க வேண்டிய இரண்டு கதவும் வெளியே பார்க்க வேண்டிய நான்கு ஜன்னலும் பதினான்கு மாதம் பிடித்தன.

நுரைப்பலகையின் இரு பக்கமும் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி என்ற இறுகும் பசையில் நனைத்து ஒட்டிக் கட்டும் நான்கு இருக்கை விமானம் இது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் பட்டறை. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. அப்பா பால் வெட்டிய காலத்தில் அங்கே ரப்பர் நின்றது.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கதவை மேசையில் செய்து, பிறகு கொண்டுபோய்ப் பொருத்தலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக் கதவுக்கு நிலை நேராக இருக்கும், இழைத்துச் சரிக்கட்டலாம். இங்கே நிலையும் வளைவு, கதவும் வளைவு. அதுவும் மேலிருந்து கீழும், முன்னிருந்து பின்னும் என்று இரண்டு வாட்டமாக வளைவு.

திறப்பை வெட்டுமுன் உடலின் மேல் பொட்டலம் ஒட்டும் டேப்பை வரிசையாக ஒட்டி (எபாக்ஸி அதில் பிடிக்காது), மூன்று அடுக்குத் துணியில் ஓர் அச்சு எடுத்து வைத்திருந்தேன். அதுவரை சரி. அந்த அச்சுக்குள் இடது கதவின் வெளித்தோலையும் (வெளிப்பக்கத் துணி அடுக்கு) நுரையையும் போட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே கழற்றி, உள்தோலை மேசையில் வைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் திறப்பில் வைத்தால் கீழ்ப் பின்மூலை எட்டு மில்லிமீட்டர் வெளியே துருத்தி நின்றது. ஒரு பக்கம் மட்டும் தோல் போட்ட நுரை வாழைமட்டை மாதிரி வளைந்து கொடுக்கும். மேசையில் எப்படிக் கிடந்ததோ, அந்த வடிவத்தையே உள்தோல் பூட்டிவிட்டது. கனம் வைத்தேன், சூடு காட்டினேன், இரண்டு வாரம் போனது. அக்காள் மகன் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். “மாமா, இத தூக்கிப் போட்டுட்டு புதுசா செய்ங்க” என்றான். அன்றே தூக்கிப் போட்டேன்.

இரண்டாம் முறை அச்சை வெளியிலிருந்து திறப்பின் மேலேயே வைத்து மரச்சட்டங்களால் இறுக்கினேன். திறப்பின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் நுரை டேப் ஒட்டினேன். அதுதான் பின்னால் கதவைச் சுற்றி வரும் இடைவெளி. பிறகு உள்ளே புகுந்து மல்லாந்து படுத்து வெளித்தோல், நுரை, உள்தோல் மூன்றையும் போட்டு, மூன்று நாள் தொடவே இல்லை. கதவு அங்கே இருக்கும்போதே அதன் உள்விளிம்பில் டேப் ஒட்டி, உடலிலிருந்து கதவின் மேல் 30 மில்லிமீட்டர் ஏறும்படி நான்கு அடுக்கில் ஓர் உதடு கட்டினேன். கதவு வந்து உட்காரும் இடம் அதுதான். வலது கதவும் இப்படியே. இரண்டும் எங்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை.

மூலைகளை வளைத்தே வெட்டுங்கள். 1954-இல் கோமெட் என்ற வகைப் பயணிகள் ஜெட் விமானங்கள் இரண்டு வானத்திலேயே சிதறின. அதே வகை விமானம் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது, உலோகம் களைத்து விரிசல் விடுவது திறப்புகளின் மூலையோரத்தில்தான் என்று தெரியவந்தது. அந்த ஜெட்டைப் போல நம் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்புவதில்லை, பொருளும் வேறு. ஆனாலும் பாரம் கூர்மூலையில்தான் போய்க் குவியும். நான் எங்கும் 75 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைக்கவில்லை.

நம் ஊர்க் காற்று தனிப் பாடம். விடியலில் குளிர்ச்சி இருக்கும், ஆனால் ஈரம் சொட்டும். நடுப்பகலில் ஈரம் குறையும், ஆனால் தகரத்தின் கீழ் எபாக்ஸி கிண்ணத்திலேயே சூடேறிப் புகையத் தொடங்கும். எபாக்ஸியை மெதுவாக இறுக வைக்கும் ஹார்டனர் (அதில் கலக்கும் திரவம்) வாங்கி, கிண்ணத்தை விட்டு அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவேன். ஈர நாளில் இறுகிய மேற்பரப்பில் மெழுகு போல் ஒரு பிசுக்குப் படியும். அதன் மேல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது. வெறும் தண்ணீரில் நார் போட்டுத் தேய்த்தால் போய்விடும். தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே உப்புத்தாள் போட்டால் பிசுக்கை உள்ளே தேய்த்துவிடுவோம்.

ஜன்னலுக்கு மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக். முதலில் வாங்கிய தகடு அச்சில் ஊற்றி வார்த்தது இல்லை, பிதுக்கி எடுத்தது. அறுக்கும்போதே உருகி வாளில் ஒட்டியது. வெட்டிய விளிம்பில் முடி போல் கீறல் ஓடியது. வார்ப்புத் தகடு என்று கேட்டு வாங்குங்கள். அசிட்டோன், பெட்ரோல் எதையும் அதன் அருகே கொண்டு போகாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். ஆணி, திருகு அடிக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் பெரிய ஜன்னல் 700 மில்லிமீட்டர். இரவு 22 பாகை செல்சியஸிலிருந்து வெயிலில் 60 பாகைக்குப் போனால் அக்ரிலிக் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளும். சுற்றியுள்ள ஃபைபர் அதில் கால் பங்குகூட நீளாது. திருகில் பூட்டினால் அது எங்கே போகும்? அதனால் உடலில் 25 மில்லிமீட்டர் அகலப் படி எடுத்து, சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் விட்டு, இழுபடும் பசையில் ஒட்டினேன். பசையை முழுக்கப் பிழிந்துவிடாமல் இருக்க ஒன்றரை மில்லிமீட்டர் ரப்பர்த் துண்டுகளை இடையிடையே வைத்தேன்.

கதவுச் சுற்று ரப்பருக்கு இயற்கை ரப்பர்தான் போட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்தது. அப்பா நாற்பது வருஷம் வெட்டிய பால். ஒரு துண்டை வளைத்துக் கட்டிக் கொட்டகைக் கூரையில் வைத்தேன். சில வாரத்தில் வளைந்த முதுகில் குறுக்கே வெடிப்பு. இழுபட்டு நிற்கும் இயற்கை ரப்பரை வெயிலும் ஓசோனும் இப்படித்தான் தின்னும். அவற்றைத் தாங்கும் செயற்கை ரப்பரான இ.பி.டி.எம். போட்டேன். வருத்தம்தான், ஆனால் கதவு அப்பாவுக்காக இல்லை, உள்ளே உட்காருபவர்களுக்காக.

பூட்டு விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். 150 நாட் (மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர்) வேகத்தில் காற்று கதவை உள்ளே தள்ளாது, வெளியே உறிஞ்சும். என் கதவின் பரப்புக்குக் கணக்குப் போட்டால் நூறு கிலோவுக்கு மேல் வருகிறது. ஆர்வி-10 என்ற, இதே போல் வீட்டில் கட்டும் நான்கு இருக்கை விமானங்களில் சரியாகப் பூட்டாத கதவு பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது, அதன் பிறகுதான் கூடுதல் கொக்கி வந்தது. என் கதவில் ஒரே கைப்பிடி முன்னும் பின்னும் இரண்டு எஃகு முளைகளைத் தள்ளும், நடுவில் தனிக் கொக்கி. மூன்றுக்கும் ஒவ்வொரு சிறு சுவிட்ச். ஒன்று உட்காராவிட்டாலும் சிவப்பு விளக்கு அணையாது.

போன வாரம் மாலை மழைக்கு விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிவிட்டு, மனைவியும் நானும் உள்ளே உட்கார்ந்து இரண்டு கதவையும் சாத்திக்கொண்டோம். முக்கால் மணி நேரம் கொட்டியது. ஜன்னல் நான்கிலும் துளி இல்லை. இடது கதவின் முன்கீல் அருகே மட்டும் ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது. பேனாவால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். நாளை அங்கே ரப்பரைக் கழற்ற வேண்டும்.