39 பெயர்கள், 80 சென்டிமீட்டர் சீட்டு

வெளிநாட்டுத் தேர்தல்களுக்குப் பார்வையாளராகப் போவது எப்படி என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்டிருந்தார்கள். 2019இல் உக்ரைன் ஜனாதிபதித் தேர்தலுக்குப் போய்வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்களை அழைத்தது ஓ.எஸ்.சி.ஈ. எனும் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு. 57 நாடுகள் அதில் இருக்கின்றன. தேர்தல் வேலையைப் பார்ப்பது வார்சாவில் உள்ள அதன் அலுவலகம், சுருக்கமாக ஓடிர். 1991இல் சுதந்திரத் தேர்தல்களுக்கான அலுவலகமாகத் தொடங்கி, அடுத்த வருடமே மனித உரிமையும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. பொதுவாக இவர்களிடம் நாமே போய்ப் பெயர் கொடுக்க முடியாது. நாம் குடியுரிமை வைத்திருக்கும் நாடு நம்மை முன்மொழிய வேண்டும். நோர்வேயில் என்றால், பார்வையாளர்களைத் தேர்ந்து அனுப்பும் நோர்டெம் அமைப்பின் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும். கனடாவில் இருப்பவர்கள் அதே போன்ற கனடெம் அமைப்பைப் பாருங்கள். ஓடிர் நடத்தும் இணையவழிப் பயிற்சி இலவசம், அதை முதலில் முடித்துவிடுங்கள்.

போகுமுன் நடத்தை விதிகளில் கையெழுத்துப் போட வேண்டும். ஐ.நா.வில் 2005இல் வெளியான தேர்தல் கண்காணிப்புக் கோட்பாடுகளோடு சேர்ந்து வந்த விதிகள் இருக்கின்றன, ஓடிருக்கும் சொந்த விதிகள் உண்டு. இரண்டிலும் சாரம் ஒன்றுதான்: பக்கம் சாயாதே, தலையிடாதே. இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தேர்தல் நாளன்று அப்பா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊரிலிருந்து வந்தவன் நான். கண்ணெதிரே ஒரு தவறு நடந்தால் சும்மா இருப்பேனா என்று எனக்கே சந்தேகம்.

கீவில் விளக்கக் கூட்டங்கள். அப்புறம் பொல்தாவா பகுதிக்கு அனுப்பினார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு, இருவரும் வேறு வேறு நாட்டவராக இருக்க வேண்டும். என்னோடு வந்தவர் செக் நாட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை. கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர், ஓர் ஓட்டுநர்.

மார்ச் 31, காலை 7 மணிக்கே ஒரு கிராமப் பள்ளியில் நின்றோம். கண்ணாடி போன்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெறுமையாக இருப்பதைக் காட்டி, முத்திரை வைத்தார்கள். முதல் வாக்கு விழுமுன் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கட்டுப்பாட்டுத் தாளைப் போடுகிறார்கள். தேர்தல் குழுவினர் கையெழுத்திட்ட தாள் அது. இரவு பெட்டியைத் திறக்கும்போது அது உள்ளே கிடக்க வேண்டும். பெட்டி மாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இவ்வளவு எளிமையான ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

8 மணிக்கு வாக்களிப்பு தொடங்கியது. அதன்பின் நிலையத்துக்கு அரை மணி நேரம் என்று ஊர் ஊராகப் போனோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். முத்திரை சரியா, வரிசை எவ்வளவு, கட்சி முகவர்கள் யார் யார், சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர வழியுண்டா என்று கேள்வி மேல் கேள்வி.

மதியம் ஓரிடத்தில் ஒரு கணவன் மனைவியோடு சேர்ந்து மறைவிடத்துக்குள் நுழைந்தார். திரைக்குக் கீழே இரண்டு ஜோடிச் சப்பாத்துகள் தெரிந்தன. உள்ளே அவர் குரல் மட்டும் கேட்டது. யாரும் தடுக்கவில்லை. என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆசிரியை என் முழங்கையைத் தொட்டு, படிவத்தைக் காட்டினார். எழுதினேன். இப்போதும் அந்தச் சப்பாத்துகள் கண்ணுக்குள் நிற்கின்றன. அந்த அம்மா தனியாக நின்றிருந்தால் யாருக்குப் போட்டிருப்பார்?

வாக்குச்சீட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 39 வேட்பாளர்கள், சீட்டின் நீளம் 80 சென்டிமீட்டர்! கிழவிகள் அதை வேட்டி மடிப்பது போல மடித்து மடித்துப் பெட்டியில் திணித்தார்கள். முன்னாள் பிரதமர் யூலியா திமோஷென்கோவின் பெயருக்கு அடுத்ததே யூரி திமோஷென்கோ என்று இன்னொருவர் பெயர். முதலெழுத்துகள்கூட ஒன்றுதான்.

இரவு 8 மணிக்குக் கதவை மூடி எண்ணத் தொடங்கினார்கள். சோர்வு தெரியாமல் இருக்க நல்ல சாப்பாட்டை முன்பே கட்டிக்கொண்டு போங்கள், எண்ணும் இடத்தை விட்டு நடுவில் எழுந்து போக மனம் வராது. முதலில் மிச்சச் சீட்டுகளை எண்ணிச் செல்லாதவையாக்கினார்கள். பிறகு பெட்டியைக் கவிழ்த்துக் கட்டுப்பாட்டுத் தாளைத் தேடினார்கள். சீட்டுக் குவியலுக்குள் கையை விட்டு ஓர் அம்மா அதை வெளியே எடுத்தபோது குழுவில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். வேட்பாளருக்கு ஒரு குவியல் என்பதால் மேசை போதாமல் பிள்ளைகளின் வாங்குகளையும் இழுத்துப் போட்டார்கள். திமோஷென்கோக்களின் குவியல்களை மட்டும் இரண்டு முறை பார்த்தார்கள்.

கணக்கில் ஒரு சீட்டு இடித்தது. யாரும் எண்ணை மாற்றி எழுதவில்லை. நள்ளிரவு தாண்டியும் மறுபடி எண்ணினார்கள், இரண்டு சீட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து கிடந்தன.

எண்ணி முடித்ததை ஒப்படைக்க மாவட்டத் தேர்தல் ஆணையத்தில் விடியும்வரை வரிசை. பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த குழுக்கள் சீட்டுப் பொதிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றன. எங்கள் நிலையத்து அம்மாவும் அங்கே இருந்தார். பொதியை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கி வைத்தபடியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வரிசை நகர்ந்தபோதெல்லாம் கண்ணைத் திறக்காமலே பொதியைக் காலால் முன்னே தள்ளினார். நான் கடைசிப் படிவத்தில் நேரத்தை எழுதினேன்.